பதவி துறந்த இமாமும் வேலை இழந்த இளைஞனும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கித் மினள்ளலால்’ நூலை வேலையிழந்தோர்க்கு ஆறுதலாக எடுத்தோதுவோர் உளர். ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) இமாமவர்களின் நாவு பாடம் நடத்த மறுத்தது, உணவும் இறங்கவில்லை. பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியப் பதவியைத் துறந்து திமிஷ்க் நகருக்கு ஏகினார்கள். ஹிஜ்ரி 499இல்தான் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க இசைந்தார்கள். இடைப்பட்ட காலத்தின் பரக்கத்தே ‘இஹ்யா’.

ஆயினும் ஓரிடத்தைப் பலர் தாண்டிச் செல்கின்றனர். செல்வத்தைப் பங்கிட்டளித்தபோது பிள்ளைகளின் உணவுக்கு வேண்டிய அளவை நிறுத்திக்கொண்டதாக இமாமவர்களே எழுதுகிறார்கள். இராக்கின் செல்வம் முஸ்லிம்களின் நலனுக்கான வக்ஃப். ஆலிம் தம் குடும்பத்துக்கென எடுத்துக்கொள்ள அதனினும் நல்ல பொருள் இல்லை என்பது அவர்தம் விளக்கம். அந்தத் துறவு (அதைத் துறவு எனலாமாயின்) ஒரு வக்ஃபின் நிழலில் நிகழ்ந்தது. அதுவும் தாமாகத் தேர்ந்தது.

சங்கராபுரத்துக்கு வேலையிழந்து திரும்பும் இளைஞன் எதையும் தேர்ந்தவனல்லன். அவனுக்கும் தஹஜ்ஜுத்தின் சுவை கிட்டலாம். தாயோடமர்ந்து உண்ணும் பேறு வாய்க்கலாம். அவை அருளே, ஐயமில்லை. ஆனால் ‘தவக்குல் வை’ என்று மட்டும் அவனுக்குச் சொல்வது நூலைப் பாதியில் மூடுவதாகும். நபிமொழி காட்டும் பறவையும் காலையில் கூட்டைவிட்டுப் பறக்கிறது. அவன் வேலை தேடி அலையும் மாதங்களில், அவன் பிள்ளைகளுக்கான அந்த அளவை நம் மஹல்லாக்களின் பைத்துல்மால் எடுத்துவைத்திருக்கிறதா?