கருங்கல்லுக்கு எது தரம்?

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. அவர் மகன் உத்தம சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. கோனேரிராஜபுரம், ஆடுதுறை என்று காவிரிக்கரை ஊர்களிலும் பழைய தளிகளைக் கல்லாக்கிக்கொண்டே போனவர் அந்த அரசி. வண்டல் நாட்டில் ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வரவேண்டும். முதுகுன்றம் என்ற விருத்தாசலம் அப்படியல்ல. மேற்கே பழம்பாறை, கிழக்கே நெய்வேலிப் பக்கம் கடலூர் மணற்கல், நடுவே கடல் கிடந்த காலத்துப் படிவு. தென்னகத்துக் கிரெட்டேசியப் படிவுகளை அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி என்று பிரித்துத்தான் புவியியலார் பேசுகிறார்கள். இத்தனை இருந்தும் இறைவனுக்கு ஏற்றதென்று எடுத்தது கருங்கல்லை.

மற்ற கல் என்ன ஆகும் என்பதற்குக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே சாட்சி. ராஜசிம்மப் பல்லவன் அடிவரிசையில் கருங்கல் வைத்து மேலே மணற்கல்லால் எழுப்பினான். மணற்கல் உளிக்கு இணங்கும், மழைக்கும் இணங்கிவிடும். பொரிந்த உருவங்களுக்குப் பின்னாளில் சுதை பூசிப் பூசி முகம் தேடவேண்டியதாயிற்று.

கல்லைத் தேர்வதற்குச் சிற்ப நூல்கள் வகுத்த முதல் சோதனை காதுக்கு. தட்டினால் மணிபோல் ஒலிப்பது ஆண்கல், மூலவருக்கு. தாளம்போல் ஒலிப்பது பெண்கல், அம்மனுக்கும் பீடத்துக்கும். ஓசையற்றது நபும்சகம், அது அடித்தளத்துக்கு. அடுத்தது வயது. இளங்கல் உளி தாங்காது, முதிர்ந்துபோனதும் ஆகாது, நடுவயதே உத்தமம். கோடு, புள்ளி, கறை கண்டால் தோஷம். இதைச் சாத்திரச் சடங்கு என்று தள்ளுவோர் உண்டு. உள்ளே விரிசலுள்ள பாறை மந்தமாகவே ஒலிக்கும். கல்தச்சருக்கு அதுவே போதிய காரணம்.

பள்ளிகள் பிரிவது இதற்குப் பிறகுதான். செம்பியன் மாதேவி காலத்தார் சுவரைச் சுவராக விட்டார்கள். மாடங்களில் மட்டும் உருவங்கள். அந்த வரிசையில் ஆடவல்லானுக்கு நிலையான இடம் கிடைத்ததும் அப்போதுதான். வெற்றுச்சுவரின் அமைதிக்கு நடுவே ஓர் உருவம் நிற்கும்போது வரும் கம்பீரம், பின்னாள் மண்டபங்களில் எனக்குக் கிடைத்ததில்லை. விஜயநகர, நாயக்கர் காலத்தார் கல்லால் எதுவும் முடியும் என்று காட்டவந்தவர்கள். ஒரே கல்லில் தூணும் யாளியும், அதன் வாய்க்குள் உருளும் குண்டும். ஆவுடையார்கோயில் கொடுங்கையில் கல்லே மரச்சட்டமாகவும் ஆணியாகவும் நடிக்கிறது. அந்தக் கொடுங்கை, தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக வேறு எதுவும் செய்து தருகிறோம் என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதினார்களாம். தம்மால் ஆகாததைப் பெயர் சொல்லி விலக்குவதும் ஒரு தர நிர்ணயம்தான். இன்றைய டெண்டர்களில் அந்த நேர்மையைக் காணோம்.

விருத்தாசலத்தின் இன்னொரு தொழிலான பீங்கானும் கருங்கல்லின் உறவே. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் நீரில் நைந்து சிதைந்தால் வெண்களியாகும். அந்தக் களியோடு சிதையாத ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸ் பொடியையும் சேர்த்துச் சூளையில் சுட்டால் பீங்கான். கோயிலுக்கு ஆகாத கல்லையும் வீணாக்காத ஊர் என்று இதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மரபை இப்போது காக்கும் பள்ளி மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி. அதன் முதல்வராயிருந்த வை. கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரைக் கல்லாலேயே நிறுத்தினார். 2000 ஜனவரி 1 அன்று அது திறக்கப்பட்டது. இன்னொரு பக்கம், திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சால் சுவரைத் தேய்த்தார்கள். பல கோயில்களில் கல்வெட்டு எழுத்தே மழுங்கியது. கிரானைட் வணிகத்துக்கோ வேறு கணக்கு. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு ஒரே நிறமாயிருப்பதற்கு விலை போகிறது. பாரடைசோ என்ற கிரானைட் வகை அலையலையாய் ஓடும் கோடுகளுக்காகவே விலை போகிறது. ஸ்தபதி தோஷம் என்று ஒதுக்கும் அதே கோட்டைப் பளபளக்கத் தேய்த்து, சமையலறை மேடைக்குச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். அங்கே யாரும் கல்லைத் தட்டிப் பார்ப்பதில்லை.