தேர்வுக்கு முன் ஓர் ஆட்டம்: இடைக்கால ஆங்கில இலக்கியத்தைத் திருப்பிப் பார்த்தல்

அமெரிக்கப் பள்ளிகளில் இடைக்கால ஆங்கில இலக்கியம் பெரும்பாலும் பேயோவுல்ஃப், சாசரின் கேன்டர்பரி கதைகள், சர் கவைனும் பச்சை வீரனும் ஆகிய நூல்களைச் சுற்றியே நடத்தப்படுகிறது. நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிப்போருக்கும் கேன்டர்பரி கதைகளுக்குச் சாசர் எழுதிய பொது முன்னுரை பழக்கமானதுதான். வாயில் நுழையாத பெயர்களும் வழக்கொழிந்த சொற்களும் நிறைந்த இந்தப் பாடத்தைத் தேர்வுக்கு முன் எப்படித் திருப்புவது என்ற கேள்விக்கு ஆசிரியர்கள் பலர் கண்ட வழி, வகுப்பறை ஆட்டம்.

அதிகம் புழங்கும் வடிவம் ஜெப்பர்டி. மெர்வ் கிரிஃபின் உருவாக்கி 1964இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி இது. பலகையில் சில தலைப்புகள்; ஒவ்வொன்றின் கீழும் ஐந்து குறிப்புகள்; கீழே போகப் போகக் கடினமும் புள்ளியும் கூடும். நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த காஹூட், ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே கண்முன் இருக்கும் விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். விடையை நினைவிலிருந்து தேடி எடுக்க வைக்கும் பலகை ஆட்டமே மேலானது.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். குறிப்பேட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னால்தான் தெரியாதது எது என்று புலப்படும்.

ஆட்டத்தின் தரம் வினாவின் தரத்தில் இருக்கிறது. சாசர் இறந்த ஆண்டு 1400 என்று சொல்ல வைப்பதால் பெரிய பயன் இல்லை. மாறாக, "இந்தப் பயணிக்குக் காது சற்று மந்தம், பல்லில் இடைவெளி, ஜெருசலேமுக்கு மூன்று முறை போய் வந்தவர்" என்று குறிப்புக் கொடுத்தால் கேன்டர்பரிப் பயணிகளில் ஒருத்தியான பாத் நகரத்துப் பெண் கண்முன் வந்து நிற்பாள். காது ஏன் மந்தம் என்பது அடுத்த வினா. ஐந்தாம் கணவனின் புத்தகத்தில் அவள் தாளைக் கிழித்தாள், அவன் அறைந்தான். பொது முன்னுரையில் காரணமில்லாமல் வரும் ஒரு செய்தி, அவளுடைய சொந்த முன்னுரையில் விளக்கம் பெறுவதை மாணவரே கண்டுபிடிக்கிறார். கட்டுரை விடைக்கு வேண்டிய சரக்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

இந்த இலக்கியத்துக்கு ஆட்டம் வெளியிலிருந்து ஒட்டவைத்த ஒன்றன்று. கேன்டர்பரி கதைகளே ஒரு போட்டி: சவுத்வார்க்கின் டபார்ட் விடுதிக்காரர் நடுவர்; சிறந்த கதை சொன்னவருக்கு மற்றவர்கள் செலவில் விருந்து. பச்சை வீரன் ஆர்தரின் அவைக்கு வந்து, இன்று தன்னை வெட்டினால் ஓராண்டும் ஒரு நாளும் கழித்துத் திருப்பி வெட்டுவதாக விடுக்கும் அறைகூவலைக் கிறிஸ்துமஸ் விளையாட்டு என்றே சொல்கிறான். பழைய ஆங்கிலக் கவிதைகளின் கையெழுத்துத் தொகுப்பான எக்ஸெட்டர் நூலில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பழைய ஆங்கில விடுகதைகள் உள்ளன. நங்கூரம், கேடயம், ஏட்டைத் தின்னும் புழு என்று பொருள் பல. விடைகள் அதில் எழுதப்படவில்லை என்பதால் சிலவற்றுக்கு அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவற்றில் இரண்டை ஆட்டத்தில் சேர்த்தால், பழைய ஆங்கிலக் கவிதை ஒரு பொருளை நேராகப் பெயர் சொல்லாமல் சுற்றிவளைத்துக் குறிக்கும் முறை மாணவருக்குத் தானாகவே பிடிபடும்.

குறையும் உண்டு. மணியை முதலில் அடிப்பவருக்கே வாய்ப்பு என்றால் இரண்டு மூன்று பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குழுப் போட்டி முறை இதற்கு நல்ல மாற்று. பல தரத்து மாணவர்களும் கலந்த குழுக்கள் முதலில் சேர்ந்து படிக்கும். பிறகு ஒவ்வொருவரும் பிற குழுக்களில் தமக்கு நிகரானவரோடு மேசையில் ஆடுவார். புள்ளி குழுவுக்குப் போகும். மெதுவாகப் படிப்பவரின் புள்ளிக்கும் அங்கே அதே மதிப்பு.

தேர்வுக்கு முந்தைய மணி நேரத்தில் ஆடும் ஆட்டத்தால் பயன் குறைவு. மூன்று நான்கு நாள் முன்பே ஆடிவிட வேண்டும். தவறவிட்ட வினாக்களுக்காக நூலை மறுபடி திறக்க மாணவருக்கு அவகாசம் வேண்டும்.