நாளிதழ்ச் செய்தியை மேற்கோள் காட்டல்: போடி மலைச் சான்றுகள்

ஆய்வேடுகளில் நாளிதழ், வார இதழ், ஆய்விதழ் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் தகவலுக்கு மூலம் குறிப்பிடுவது மேற்கோள் காட்டலின் ஒரு பகுதியாகும். நூலுக்கு ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு தந்தால் பெரும்பாலும் போதும். நாளிதழுக்கு அது போதாது. எனினும் தமிழ் ஆய்வேடுகளில் நாளிதழின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி முடிக்கும் வழக்கம் உள்ளது. இவ்வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை ஒட்டிய மலைப்பகுதிச் செய்திகளைக் கொண்டே காணலாம்.

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். மறுநாள் வந்த செய்திகளில் இறந்தோர் எண்ணிக்கை 9. தீக்காயங்களுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்ததால் அது 20-ஐக் கடந்தது. முதல்நாள் செய்தி பொய்யன்று. அன்றைய நிலவரம் அதுவே. ஆனால் நாளைக் குறிக்காமல் '2018' என்று மட்டும் எழுதினால் இரண்டு எண்களுக்கும் அதே மேற்கோள் பொருந்திவிடும். முதல் செய்தியோடு நின்றுவிட்ட ஆய்வேட்டில், சிகிச்சையில் இறந்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இணையப் பதிப்பில் செய்தி அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், வெளியான நாளோடு பார்த்த நாளையும் தருவது நல்லது.

ஏலக்காய் விலைச் செய்தியில் இன்னொரு குழப்பம் உண்டு. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடைபெறுகிறது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது பெரிய செய்தியானது. அது உச்சவிலை, சராசரி விலை அதைவிடக் குறைவு. தோட்டக்காரரின் வருமானத்தைப் பேசும் கட்டுரை உச்சவிலையை எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் பிழையாகும். ஏல நாளும், ஏலம் நடந்த இடமும், எந்த விலை என்பதும் சேர்ந்தே வரவேண்டும். பதிப்பும் முக்கியம். தேனிப் பக்கத்தில் வந்த செய்தியைச் சென்னைப் பதிப்பில் தேடினால் பல நேரங்களில் கிடைக்காது.

ஆய்விதழ்களில் சிக்கல் வேறு வகையானது. 'தொகுதி, இதழ்' என்ற ஒரே வாய்பாட்டைப் பழைய தமிழ் இதழ்கள் ஏற்பதில்லை. 'செந்தமிழ்ச் செல்வி' சிலம்பு, பரல் என எண்ணியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப்பொழில்' துணர், மலர் என எண்ணியது. வேறு பல இதழ்களில் 'மலர்' என்பது ஆண்டுத் தொகுதியைக் குறிக்கும். தமிழ்ப்பொழிலிலோ அது தனி இதழைக் குறிக்கும். இது தெரியாமல் 'மலர் 3' என்பதை மூன்றாம் தொகுதியாக மாற்றி எழுதினால், நூலகத்தில் தேடுபவர் வேறோர் ஆண்டின் கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். இதழ் தன்னை எப்படி எண்ணியதோ அப்படியே எழுதி, ஆங்கில மாதத்தையும் ஆண்டையும் உடன் தருவதே பாதுகாப்பானது. 'விகாரி' என்று மட்டும் குறித்தால் அது 1959-ஆ, 2019-ஆ என்ற கேள்வி எழும்.