பாலைவனத்துக்கு எவ்வளவு பங்கு?

ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினைப் பற்றி எழுதுகிறவர்கள் பாலைவனத்தைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிடுகிறார்கள். 1967இல் தூரிகைகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டு நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். மாதக்கணக்கில் வண்டியில் சுற்றி, 1968இல் நியூ மெக்சிகோவில் கியூபா என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மேட்டுநிலத்தில் தங்கி, தன் கையாலேயே மண்வீடு கட்டிக்கொண்டார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. கேட்க நல்ல கதைதான். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்த பென்சில் கட்டங்கள் 1960களின் தொடக்கத்தில், மன்ஹாட்டன் துறைமுகத்தை ஒட்டிய கோயன்டிஸ் ஸ்லிப் தெருவில் பிறந்தவை. நியூ மெக்சிகோவும் அவருக்குப் புதிதல்ல. 1940களிலேயே அங்கே படித்தவர், 1957இல் அங்கிருந்துதான் நியூயார்க் போனார்.

பாலைவனம் அவருக்கு வரையாமல் இருக்க இடம் கொடுத்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் ஓவியமே தீட்டவில்லை. ஸ்கிசோஃப்ரினியாவோடு வாழ்ந்த ஒருவருக்கு, அடுத்த படம் எப்போது என்று யாரும் கேட்காத இடம் சின்ன விஷயமல்ல. 1973இல் 30 அச்சுப்படங்கள் கொண்ட 'ஆன் எ க்ளியர் டே' வந்தது. 1974இல் மறுபடி தூரிகை எடுத்தார். நெருக்கமான கட்டங்கள் போய், வெளிறிய இளஞ்சிவப்பும் நீலமும் அகலப் பட்டைகளாக வந்தன.

அவர் வரைவது பெரும்பாலும் ஆறடிக்கு ஆறடி துணியில். படம் முதலில் மனத்தில் சின்னதாகத் தோன்றும். அதைப் பெரிதாக்கத் தாளில் பெருக்கி வகுத்துக் கணக்குப் போடுவார். பிறகு அளவுகோல் வைத்துப் பென்சில் கோடு. எட்ட நின்றால் அச்சடித்ததுபோல் நேராக இருக்கும். கிட்டே போனால் துணியின் இழைமேடுகளில் பென்சில் தட்டித் தடுமாறியிருப்பது தெரியும்; ஓரிடத்தில் கருக்கும், ஓரிடத்தில் விட்டுப்போகும். நீர்த்த அக்ரிலிக் பூச்சும் அப்படித்தான், ஒரே பட்டைக்குள் திட்டுத்திட்டாக நிற்கும். அவருடைய பலமெல்லாம் இந்தத் தடுமாற்றத்தில் இருக்கிறது. புத்தகத்தில் அச்சான படத்தில் இதில் பாதிகூடத் தெரியாது. வெறும் கோடுதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பிடிக்காத படங்களை அவரே கிழித்துப் போட்டுவிடுவார். நமக்குக் கிடைப்பது வடிகட்டிய மிச்சம். அவர் எதை முயன்று எங்கே தவறினார் என்று பார்க்க வழியில்லை. தனிமையில் எதிர்வாதம் செய்ய ஆளும் இல்லை. 1976இல் எடுத்த 'கேப்ரியல்' திரைப்படத்தில் அது அப்பட்டம்: ஒரு சிறுவன் மலை, ஆறு, பூ என்று நடந்துகொண்டே இருக்கிறான். எந்த இயற்கைக் காட்சியைத் தன் ஓவியத்தில் தேடாதீர்கள் என்றாரோ அதையே கேமராவில் தளர்வாகப் பிடித்து வைத்திருக்கிறார். 1990களின் இறுதியிலிருந்து வந்த தலைப்புகளும் அப்படியே. 'ஹாப்பி ஹாலிடே', 'கிராட்டிட்யூட்' என்று பெயரிட்டு, பார்வையாளர் உணர வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

ஒரேமாதிரி வரைந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு நியூ மெக்சிகோவில் தாவோஸ் ஊரில் உள்ள ஹார்வுட் அருங்காட்சியகம் ஓரளவு பதில் சொல்கிறது. அங்கே எண்கோண அறையில் தொங்கும் ஏழு படங்களிலும் பட்டைகளின் அகலமும் வரிசையும் மாறுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எல்லாக் காலத்துக்கும் இந்தப் பதில் பொருந்தாது. 2004இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 'ஹோமேஜ் டு லைஃப்' படத்தில் சாம்பல் பரப்பின் நடுவே கருப்புச் சரிவகம் ஒன்றை நிறுத்தினார். 91 வயதில் வந்த அந்தத் துணிச்சல் 1980களில் அவர் வாழ்ந்த கேலிஸ்டியோ ஊரில் இருந்தபோதே வந்திருந்தால், அக்காலச் சாம்பல் படங்கள் பலவற்றை நான் இவ்வளவு வேகமாகக் கடந்திருக்க மாட்டேன்.