ஜாங்கோவின் பைத்தான் 3 மாற்றமும் தமிழ் எழுத்தும்

வலைச் செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோ சட்டகம் 1.6 பதிப்பில் (2013) பைத்தான் 3-ஐ முழுமையாக ஏற்றது, 2.0 பதிப்பில் (2017) பைத்தான் 2-ஐக் கைவிட்டது. இம்மாற்றம் தமிழுக்கு ஓரளவே பயன்பட்டது. சென்னையின் தென்புறநகரான தாம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். 'தாம்பரம்' என்பதில் 5 எழுத்துகள். பைத்தான் 2-இன் சாதாரணச் சரம் அதை யுடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகளாக எண்ணியது; பைத்தான் 3 அதை 8 யுனிகோடு குறிகளாக எண்ணுகிறது.

பெயரை இணைய முகவரியாக்கும் 'ஸ்லக்கிஃபை' செயற்கூறு, யுனிகோடை அனுமதித்தாலும், துணைக்காலையும் புள்ளியையும் நீக்கி 'தமபரம' என்றே தருகிறது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் அக்குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்ளாததே காரணம். 'மாடு', 'மடு' இரண்டும் 'மட' ஆகி, இரு பக்கங்கள் ஒரே முகவரிக்கு மோதும். ஆகவே, தமிழ்த்தளம் அமைப்போர் பதிப்பு உயர்வை மட்டும் நம்பாமல், தமிழ்ச் சொற்களைக் கொண்டு சோதித்து, இச்செயற்கூற்றைத் திருத்தி எழுதிக்கொள்வது அவசியம்.