காசும் கேஷும்

ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்' என்னும் சொல் தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே எனத் தமிழ் வகுப்புகளில் கூறப்படுவதுண்டு. மாணாக்கர்க்குப் பெருமிதம் ஊட்டும் இக்கூற்றில் பாதியே உண்மை. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டி எனப் பொருள்படும் 'காப்சா' என்ற இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். பணப்பெட்டியின் பெயர் நாளடைவில் அதனுள் இருந்த பணத்திற்கு ஆகி வந்தது. கீழை நாடுகளில் புழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' வேறு. தமிழ்க் காசு போர்த்துகீசியர் நாவில் 'கைஷா'வாகி, அதன் வழியே ஆங்கிலம் புகுந்தது இதுவே. ஒலியும் எழுத்தும் ஒத்தமையால் இரண்டும் ஒன்றென மயங்கப்பட்டன.

அகராதியைப் புரட்டும் மாணவன் ஆசிரியர் கூற்றுப் பிழையெனக் கண்டால், பின்னர் மெய்யான சான்றுகளையும் நம்பான். ஒலியொப்புமையை விடச் சொல் நடந்து வந்த வழியே வலிய சான்று. கட்டுமரத்திற்கு அவ்வழி தெளிவாக உள்ளது. சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் அப்பெயராலேயே குறித்துள்ளார். இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடற்படகைக் குறிப்பினும் பிறப்பில் ஐயமில்லை. சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுதண்ணீர் 'மல்லிகடானி' ஆனதும் அத்தகையனவே. இத்தனை இருக்க, இலத்தீனியர் பெட்டிக்கும் உரிமை கொண்டாடுவானேன்?