பிறவாத நாணயங்கள்

ஒருபுறம் மலையேந்திய அனுமன், அல்லது ராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்னும் பெயர், அரையணா அல்லது ஓரணா என்னும் மதிப்பு, 1616, 1717, 1818 என்பன போன்ற ஓர் ஆண்டு. ஆலங்குளம், தென்காசி உட்பட நாடெங்கும் பழம்பொருள் என்று கைமாறும் இச்செம்பு வில்லைகளை வாசகர் பலர் கண்டிருக்கக்கூடும். நாணயமும் ஒரு நூலே. அதற்கும் வாசகம் உண்டு, வெளியிட்டவர் உண்டு, காலம் உண்டு. ஆதலின் நூலை ஆராயும் முறையிலேயே இதனையும் ஆராய்வோம்.

ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாதை மட்டுமன்றி, வாசகமாகிய மத்னையும் உரைத்துப் பார்த்தனர். ஹிஜ்ரி 463-ல் மறைந்த கதீபுல் பக்தாதீ அவர்களிடம் ஓர் ஆவணம் காட்டப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யாவிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்களித்ததாக அது கூறிற்று. போலி என்றார்கள் கதீப். முஆவியா (ரலி), சஅத் இப்னு முஆத் (ரலி) ஆகியோர் அதிற் சாட்சிகள். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7. முஆவியா இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-ல். சஅத் அவர்கள் அகழ்ப்போரை அடுத்து, ஹிஜ்ரி 5-லேயே மறைந்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் வரவில்லை, மற்றவர் போய்விட்டார்!

நம் வில்லையையும் இவ்வாறே விசாரிப்போம். 1616-ல் கும்பினிக்கு இந்தியாவில் நாணயச்சாலையே கிடையாது. சர் தாமஸ் ரோ, ஜஹாங்கீர் பாதுஷாவின் அவையில் வணிக உரிமை கேட்டு நின்ற காலம் அது. சென்னைப்பட்டணத்து நிலமே 1639-ல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. 1818-ஓ, சென்னை மாகாணம் வராகன் கணக்கை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறிய ஆண்டு. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது விகிதம். அதுவரை இங்கே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கும்பினி ஆண்ட பகுதி முழுமைக்கும் பொதுவான அரையணாச் செம்புக்காசு 1835-க்குப் பின் வந்தது.

கும்பினி தெய்வ உருவங்களைப் பொறித்ததே இல்லை என்று மறுப்புரைப்பாரும் உளர். அதுவும் பிழையே. சென்னையில் அவர்கள் அடித்த பொன் வராகனில் மூன்று சுவாமிகள் நின்றனர். பின்வந்த நட்சத்திர வராகனில் விஷ்ணு இருந்தார். மக்கள் நம்பிப் பழகிய முத்திரையை வணிகன் ஏன் மாற்றுவான்? இரண்டாம் ஆலம்கீர் 1759-ல் கொல்லப்பட்டபின்னும் பல்லாண்டுகள் அவருடைய பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் தாங்கியே கும்பினியின் ஆர்க்காட்டு ரூபாய் வெளிவந்தது. மெய்யான நாணயமே இத்துணை விந்தையாயிருக்கப் பொய்யான நாணயம் எதற்கு?

பக்தர்கள் வழிபாட்டுக்கென வைத்திருக்கும் ராமடங்காக்களை நாம் குறை கூறவில்லை. அவை தம்மைப் பணம் என்று சொல்லிக்கொள்வதில்லை. கும்பினியின் பெயரும் பொய்யாண்டும் ஏறும் இடத்திலேதான் மோசடி தொடங்குகிறது. நம்மவரும் தப்பவில்லை. கலிமாவும் நான்கு கலீஃபாக்களின் திருப்பெயர்களும் கொண்ட அக்பரின் ரூபாயைப் பார்த்து வார்த்த வில்லைகளை அசல் முகலாய நாணயமென்றும், பரக்கத் தருமென்றும் நம்பி வாங்குவோர் உண்டு. இன்னொரு கூட்டம், 'அரிசியை இழுக்கும் இரிடியக் காசு' என்று இத்தகையவற்றைக் காட்டி இலட்சக்கணக்கில் பறிக்கிறது. அரிசியில் இரும்புத்தூள் ஏற்றிக் காந்தத்தை மறைத்துவைப்பதே அவ்வித்தை. 2014-ல் வந்த 'சதுரங்க வேட்டை' திரைப்படம் இதனைக் காட்டியும் ஏமாறுவோர் குறையவில்லை.

பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். நாம் அஞ்சுவது வேறு. கும்பினியார் ராமருக்கு நாணயம் வெளியிட்டனர், முகலாயர் வெளியிடவில்லை என்று ஓர் இளைஞன் இவ்வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டால், பொய்ச்செம்பு அங்கே சரித்திரமாகிவிடுகிறது. உண்மை நேர்மாறானது. இலாஹி 50-ஆம் ஆண்டில், தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில், அக்பர் வெளியிட்ட வெள்ளி அரை ரூபாய் ஒன்று வாரணாசி பாரத் கலா பவனில் உள்ளது. வில்லேந்தி முன்செல்கிறார் ராமர், பின்னே சீதை, மேலே நாகரியில் இருவர் பெயரும். மறுபுறம் பாரசீகத்தில் ஆண்டும் மாதமும். அவ்வரியை நம் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள்.